கால் நீட்ட ஒரு கார்

“கார் வாங்கலாம்னு சொன்னேன் ஒலீட்டா... கப்பல் வாங்கலாம்னு சொல்லலையே!”

ராஸ்கோ செய்தித்தாளை மடித்துச் சாப்பாட்டு மேஜையின் மேல் ஓங்கி ஓர் அடி அடித்தார். காபி தளும்பி விரிப்பில் கொட்டியது. அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த ஒலீட்டா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். அந்த விரிப்பைத் துவைக்கப்போவது அவள்தான் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

“பெரிசா இருக்கணும். நீளமா இருக்கணும். பின் சீட்டு நடுவுல மேடு பள்ளம் இல்லாம ஒரே மெத்தையா இருக்கணும். மத்ததெல்லாம் நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே ஆகட்டும்” என்றாள்.

“எதுக்குங்கறேன்?”

“எனக்கு வேணும்.”

“அது ஒரு பதிலா? வேலை செஞ்ச பள்ளிக்கூடத்துல ஓய்வுப் பணம் கொடுத்ததும் மகாராணிக்கு மிதப்பு வந்துருச்சு! ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல போய் இறங்கும்போது எல்லாரும் திரும்பிப் பார்க்கணும்... அதானே?”

மாடியிலிருந்து மருமகள் யோலாண்டா, மகனின் ஒற்றைக் காலணியைத் தேடியபடி இறங்கி வந்தாள். ஒலீட்டாவின் மகன் டெஸ்மண்டும் அவளும் பிள்ளைகளோடு மேல்மாடியில் இருந்தார்கள். பழைய கார் அந்தக் குளிர்காலத்தில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதிலிருந்து வீட்டில் தினமும் இந்தப் பேச்சுதான்.

“பெரிய வண்டிதான் வேணும்னா வேன் வாங்கலாமே அத்தை. பசங்களை பேஸ்பால் மேட்சுக்குக் கூட்டிட்டுப் போகலாம்...”

“வேன் உயரம். ஏற முடியாது.”

“யாரால ஏற முடியாது? நீங்க ஏணி வச்சுக் கூரையே ஏறுறீங்க!”

ஒலீட்டா உதட்டைக் கடித்துக்கொண்டு சோளக் கஞ்சியைக் கிண்டினாள். அவள் வாயை மூடிக்கொண்டால் ராஸ்கோவுக்கு அது இன்னும் எரிச்சல். வழக்கமாக எங்கே கொண்டுபோய் முடிப்பாரோ அங்கேயே முடித்தார்.

“என் அக்காவுக்கு இந்த வீட்டுல ஒரு ரூம் விட இவளுக்கு மனசு வரலை. இப்ப காருக்குள்ள இவளுக்கு இடம் பத்தலையாம்!”

யோலாண்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அந்தக் குனிவிலும் ‘ஆமாம்’ என்ற பதில் இருந்தது. ஒலீட்டா அதையும் பார்த்தாள். முட்டையைத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

ஒன்பது வருஷமாக அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

லூவீனியா, ராஸ்கோவின் அக்கா. தாய் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதான பிறகு டொலீடோ நகரில் இருந்த தம்பி வீட்டுக்கு வந்து, சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருந்தாள். கண்ணாடித் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்த வருஷம் அது. அங்கே வேலை போன ராஸ்கோ, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் வீட்டின் பின்படியில் கூட்டாளியோடு பீர் குடித்துக்கொண்டு, “இருக்கிற கஷ்டத்துல எங்க அக்கா வேற... எப்பத்தான் கிளம்புவாளோ, என் தலையில ஏறி உக்காந்துட்டா” என்று சொன்னார். கம்பி வலைக் கதவுக்கு உள்பக்கம், அவர்களுக்காக வறுத்த கெளுத்தி மீன் தட்டோடு லூவீனியா நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். ஒலீட்டா ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டபோதுதான் விஷயத்தைச் சொன்னாள். கூடவே ஒன்று கேட்டாள்.

“அவன்கிட்ட சொல்லாதடி. நான் கேட்டுட்டேன்னு தெரிஞ்சா அவன் உடைஞ்சு போயிடுவான். ஏற்கெனவே வேலை போன ஆளு... உனக்கும் எனக்கும் சண்டைன்னு நினைச்சுக்கட்டும். கொஞ்ச நாளைக்குத்தான்.”

ஒலீட்டா தலையை ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலுக்கு அவள் கொடுத்த விலை கொஞ்சமா! ராஸ்கோவுக்கு வேறு வேலை கிடைத்தது, கஷ்டம் தீர்ந்தது, அந்தப் பேச்சு மட்டும் தீரவில்லை. ‘அக்காவைத் துரத்தினவள்’ என்று வீட்டில் சொன்னார். உறவில் சொன்னார். ஒரு நன்றி செலுத்தும் நாள் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே, எல்லோர் முன்னாலும் சொன்னார். லூவீனியா பக்கத்து மாநிலத்தில், ஃபோர்ட் வெய்ன் ஊரில் சின்னதாக ஒரு வீடு பிடித்துக் குடியிருந்தாள். தம்பியின் போனை எடுக்கவே மாட்டாள். ஒலீட்டாவின் போனை மட்டும் எடுப்பாள். அதுவும் யாருக்கும் தெரியாது.

இப்போது லூவீனியா விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டிருந்தாள். இரும்பு வைத்து இறுக்கிவிட்டார்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கால் கம்பு மாதிரி நீட்டியே இருக்கும், மடங்காது. வீட்டைக் காலி செய்துவிட்டு, முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் கிடந்தாள். ஆம்புலன்ஸில் டொலீடோவுக்குக் கொண்டுவர அவர்கள் கேட்ட தொகையில் ஒரு காரே வாங்கிவிடலாம்.

அதனால்தான் ஒலீட்டாவுக்குக் கார் வேண்டும். உயரமில்லாத கார். கதவு அகலத் திறக்கிற கார். ஒரு பக்கக் கதவில் முதுகைச் சாய்த்து மறுபக்கக் கதவு வரை காலை நீட்டினால் இடிக்காத கார்.

“அவன்கிட்ட முன்கூட்டிச் சொல்லாத” என்று லூவீனியா இதற்கும் சத்தியம் வாங்கியிருந்தாள். “வேண்டாம்னு உன்கிட்ட சொல்லியனுப்பிட்டான்னா, அதை ரெண்டாவது தடவையும் என்னால தாங்க முடியாது. நான் நேர்ல போய் நிக்கறேன். வேண்டாம்னா என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லட்டும்.”

அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு வீம்பு பிடித்துக்கொள்வார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது இவள்!

அந்தச் சனிக்கிழமை ராஸ்கோ முணுமுணுத்துக்கொண்டே அவளை, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஊருக்கு மேற்கே, கொடித் தோரணம் கட்டிய பழைய கார்க் கடைகள் வரிசையாக இருக்கும் சாலை. முதல் கடையில் பளபளவென்று சிரித்துக்கொண்டு ஒரு விற்பனைக்காரன் ஓடி வந்து, ராஸ்கோவின் கையை மட்டும் பிடித்துக் குலுக்கினான்.

“பின் கதவு எவ்வளவு தூரம் திறக்கும் தம்பி?” என்று ஒலீட்டா கேட்டாள்.

“சார், இது நூறு மைலுக்கு எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்னு நினைக்கறீங்க?” என்று அவன் ராஸ்கோவைக் கேட்டான்.

“பின் கதவு...”

“வீட்டம்மாவுக்கு இந்தச் சிவப்பு ரொம்பப் பிடிக்கும் சார். பாருங்க, முகம் பார்க்கிற கண்ணாடியிலேயே லைட்டு!”

ஒலீட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளே கதவைத் திறந்தாள். காலணியைக் கழற்றி வெளியே வைத்தாள். பின்னிருக்கையில் ஏறிக் கதவில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை நேராக நீட்டினாள். பாதம் எதிர்க் கதவில் போய் முட்டியது. லூவீனியா அண்ணியோ இவளைவிட ஒரு சாண் உயரம்! இறங்கினாள். அடுத்த காரில் ஏறினாள். நீட்டினாள். முட்டியது. அதற்கடுத்த காரில் நடுவில் ஒரு மேடு, மேட்டில் கோப்பை வைக்கக் குழி. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ!

“சார்...” விற்பனைக்காரன் குரலைத் தாழ்த்தினான். “அம்மாவுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?”

ராஸ்கோவுக்கு மானம் போயிற்று. ஏனென்றால் அடுத்த வரிசையில் சர்ச் பாடகர் குழு ஆள் ஒருவர் மனைவியோடு நின்று, ஒலீட்டாவின் காலுறைப் பாதம் ஜன்னல் வழியே தெரிவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இறங்கி வா! என்ன பைத்தியக்காரத்தனம் இது? தூங்கறதுக்கு வீட்டுல கட்டில் இல்லையா?”

“ஒரு நிமிஷம் இருங்க...”

“நீ இறங்கறியா, நான் போகட்டுமா?”

போயே விட்டார். பிக்கப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஹாரனை அழுத்தினார். ஒலீட்டா காலணியைக் கையில் பிடித்தபடி காலுறையோடு ஓடினாள்.

கடைசிக் கடையில்தான் அது இருந்தது. நீலம். நீளம். நீட்டிய காலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேலேயே மிச்சம் இருந்தது.

“இதேதாங்க! இதை எடுத்துடலாம்!”

“பார்த்த உடனே பல்லைக் காட்டினா அவன் நம்ம தலையில மிளகா அரைப்பான். ரெண்டு நாள் அவனும் யோசிக்கட்டும். திங்கக்கிழமை வருவோம்.”

“யாராவது எடுத்துட்டா?”

“இந்தக் கப்பலை உன்னைத் தவிர எவன் எடுப்பான்?”

கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் போனபோது நீலக் கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ராஸ்கோ தோளைக் குலுக்கிவிட்டு, “போச்சுன்னா நல்லதுக்குத்தான்” என்றார். ஒலீட்டா அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய்விட்டுக் கத்தலாம் போல இருந்தது. அந்தச் சாலையில் அத்தனை கொடிகள் காற்றில் படபடத்தன. அவள் கத்தியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

அன்று பகலில், ராஸ்கோ வேலைக்குப் போன பிறகு, போன் அடித்தது.

“வந்துட்டு இருக்கியா?” ‘ஹலோ’ எல்லாம் லூவீனியாவுக்குப் பழக்கமில்லை.

“இன்னும் கார் கிடைக்கலை அண்ணி...”

“கார் கிடைக்கலையா! அந்த ஊர்ல பாதிப் பேர் கார் செஞ்சு பொழைக்கிறான்டி! நாலு சக்கரம் உள்ளது ஒண்ணைப் பிடிச்சுட்டு வர்றதுக்கு உனக்கு இத்தனை நாளா?”

“அண்ணி, என் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. அவர் ஒரு பக்கம் இழுக்கறார், பிள்ளைங்க ஒரு பக்கம் இழுக்கறாங்க. எதுக்குன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது? வாயைத் திறக்கக் கூடாதுன்னு கட்டிப் போட்டிருக்கீங்களே!”

மறுமுனையில் வந்த குரல் அண்ணியின் குரல் மாதிரியே இல்லை.

“என்னை மேல்மாடிக்கு மாத்தப் போறாங்களாம் ஒலீட்டா. அங்க போனவங்க யாரும் வீட்டுக்குப் போனதா இங்க யாருக்கும் ஞாபகம் இல்லை... அதுக்குள்ள வந்துடு.”

ஒலீட்டா போனை வைத்தாள். முன்தானையால் முகத்தைத் துடைக்க அவளுக்குப் புடவை இல்லை. சமையல் ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு, குளிர்பெட்டியில் சாய்ந்து அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, யாரையும் கேட்காமல், பஸ் ஏறிக் கிளம்பினாள்.

மளிகைக் கடை விளம்பரப் பலகையில், கார் விற்பனைக்கு என்று ஒட்டியிருந்த ஒரு சீட்டை அவள் பார்த்து வைத்திருந்தாள். லக்ராஞ் தெருவில், போலந்துக்காரர்களின் பழைய பேட்டையில் இருந்தது வீடு. கதவைத் திறந்தவர் ஸ்டாசியாக் என்ற கிழவர். வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. கண் மங்கிவிட்டதால் ஓட்ட முடியவில்லை, விற்கிறார். ஷெட்டின் கதவைத் தூக்கினார். உள்ளே, பாலாடை நிறத்தில், மூக்கிலிருந்து வால் வரை ஷெட்டை நிறைத்துக்கொண்டு ஒரு கிராண்ட் மார்க்கி நின்றது. வயதான கார்தான். ஆனால் குழந்தையைத் துடைப்பது போலத் துடைத்து வைத்திருந்தார்.

ஒலீட்டா பேச்சை வளர்க்கவில்லை. காலணியைக் கழற்றினாள். “ஐயா, தப்பா நினைக்காதீங்க. நான் பின்னாடி ஏறிக் கொஞ்சம் காலை நீட்டிப் பார்க்கணும்.”

கிழவர் சிரிக்கவில்லை. “பின்னாடி யாரு உக்காரப் போறாங்க?” என்று கேட்டார்.

ஒலீட்டா கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். இத்தனை நாளாக எல்லோரும் ‘எதுக்கு, எதுக்கு’ என்று குடைந்தார்கள். ‘யாருக்கு’ என்று ஓர் ஆள் கேட்கவில்லை. கட்டிய கணவர் கேட்கவில்லை, பெற்ற பிள்ளை கேட்கவில்லை...

“என் நாத்தனார்” என்றாள். “அவங்களுக்குக் கால் மடங்காது.” முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கம்பி வலைக் கதவு, மீன் தட்டு, பெட்டி, ஒன்பது வருஷத்துப் பேச்சு, எல்லாமே. அவர் அவளுடைய கைப்பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக் கேட்டார்.

“அவங்க என்னைவிட உயரமா?”

“இல்லைங்க.”

“அப்ப நான்தான் அளவு.” கிழவர் முக்கி முனகிப் பின்னிருக்கையில் ஏறினார். கதவில் முதுகைச் சாய்த்தார். தென்னை மரத்தைக் கிடத்தியது போல வலது காலை நீட்டினார். பாதம் எதையும் தொடவில்லை. சற்று நேரம் காரின் கூரையைப் பார்த்தபடி அப்படியே கிடந்தார்.

“இவ்வளவு சொகமா இருக்கு! என் பொண்டாட்டி உயிரோட இருந்தவரைக்கும், ரெண்டு பேரும் பின்னாடி உக்காந்து போகலாம்னு சொல்லிட்டே இருந்தா. அப்ப யாரு ஓட்டறதுன்னு கேட்டுத் திட்டிட்டேன்.”

ஒலீட்டா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அங்கேயே, அந்த ஷெட்டிலேயே காரை வாங்கிவிட்டாள்.

வீட்டு வாசலில் அது வந்து நின்றபோது நடந்த ரகளையைத் தெருவே கேட்டது.

“யாரைக் கேட்டு வாங்கினே?” ராஸ்கோ படியிலிருந்தே கத்தினார்.

“அம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” டெஸ்மண்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். “இது எந்தக் காலத்து வண்டி! நிறுத்தறதுக்கே ரெண்டு வீட்டு வாசல் வேணும்!”

“என் பணம்டா. பள்ளிக்கூடத்து அடுப்புல வெந்து சம்பாதிச்சது.”

“பசங்களுக்கு ஒரு வேன்னு நான் கேட்டது யார் காதுலயும் விழலை...” யோலாண்டா மூக்கை உறிஞ்சினாள்.

“விழாது! அவளுக்கு யாருதான் வேணும்?” என்றார் ராஸ்கோ. “அன்னிக்கு அக்காவைத் துரத்தினா... இன்னிக்கு நம்மளை! நாளைக்கு இதைத் திருப்பிக் கொடுக்கறே. இல்லைன்னா நான் அதுல கால்கூட வைக்க மாட்டேன்!”

ஒலீட்டா சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அன்று இரவுச் சாப்பாட்டில், உப்பு எடுத்துக் கொடுக்கச் சொல்லிக்கூட யாரும் யாரையும் கேட்கவில்லை.

காலையில் அவள் தலையணைகளையும் தடித்த மெத்தைப்போர்வையையும் பின்னிருக்கையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் செருப்போடும் உள்பனியனோடும் ஓடி வந்தார்.

“எங்கே கிளம்பிட்டே?”

“ஃபோர்ட் வெய்னுக்கு.”

“அங்கே என்ன...” சட்டென்று நிறுத்தினார். முகம் கறுத்தது. “எங்க அக்கா இருக்கற ஊருக்கா? அங்கேயும் போய் அவளை நிம்மதியா இருக்க விட மாட்டியா? சாவியைக் கொடு!”

ஓட்டுபவருக்குப் பக்கத்து முன்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்து சாவிக்குக் கையை நீட்டினார். ஒலீட்டா அவரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்டீயரிங் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தி, காரைக் கிளப்பிவிட்டாள்.

“ஏய்! நிறுத்து! நான் சட்டைகூடப் போடலை!”

“பின்னாடி போர்வை இருக்கு. போத்திக்கோங்க.”

மாமீ என்கிற ஆற்றின் கரையோடு போகிற சாலையில் அவர் கத்தினார். ஊர் எல்லை தாண்டியும் கத்தினார். இவ்வளவு வருஷத்தில் இவள் செய்த பாவங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒலீட்டா ஸ்டீயரிங்கை விடாமல் ஓட்டினாள். அந்தக் கார் சாலைக் குழிகளைத் தாண்டியதே தெரியவில்லை. தொட்டிலைத் தள்ளிவிட்டது போல இலேசாக ஆடி ஆடிப் போனது. வழியில் நெப்போலியன் என்ற ஊர் வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. முழங்காலை நீட்டினார். தொழிற்சாலையில் நின்று நின்று கெட்டுப்போன இடுப்பு, எங்கேயும் இடிபடாமல் சாய்ந்துகொண்டது.

“நீ மட்டும் அன்னிக்கு அவளை...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்!

ஒலீட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே கண்ணீர் வந்தது. இந்த மனிதரை நான் என்ன செய்வது கர்த்தாவே... என்று கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

ஃபோர்ட் வெய்னில், முதியோர் இல்லத்தின் வாசலில் சக்கர நாற்காலியில், சர்ச்சுக்குப் போகிற தொப்பியோடு, ஒரு காலைக் கம்பு போல முன்னால் நீட்டிக்கொண்டு லூவீனியா உட்கார்ந்திருந்தாள். கார் நின்ற குலுக்கலில் ராஸ்கோ விழித்தார். கண்ணாடிக்கு அப்பால் அக்காவைப் பார்த்தார். இறங்கியவர் போர்வையைப் போர்த்தியபடி அப்படியே நின்றார்.

“அக்கா...?”

“சட்டை எங்கேடா?” என்றாள் லூவீனியா.

ராஸ்கோ ஓடிப்போய் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார். “உன் கால்... என்ன ஆச்சு? எனக்கு ஏன் யாரும் சொல்லலை?” ஒலீட்டாவின் பக்கம் திரும்பினார். கண்ணீரும் கோபமுமாக, “உனக்குத் தெரியுமா? தெரிஞ்சேவா மறைச்சே? நீ துரத்தினதாலதானே இவளுக்கு இந்தக் கதி!”

“வாயை மூடுடா!”

நாற்காலிக்குப் பின்னால் நின்ற செவிலிகூடத் திடுக்கிட்டாள்.

“இவளா துரத்தினா? என்னைத் துரத்தினது நீடா! பின்படியில உக்காந்து பீர் குடிச்சுட்டு, ‘எப்பத்தான் கிளம்புவாளோ’ன்னு சொன்னியே... உனக்காக வறுத்த மீனைக் கையில வச்சுக்கிட்டுக் கதவுக்குப் பின்னாடி நின்னேன்!”

ராஸ்கோ நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“நீ வேலை போன ஆளு, தாங்க மாட்டேன்னு, இவகிட்ட நான்தான் கேட்டேன். பழியை நீ ஏத்துக்கோன்னு. ஏத்துக்கிட்டா. உன் வாயால என்னென்ன கேட்டாளோ, என்கிட்ட ஒரு நாளும் குறைன்னு சொன்னதில்லை. இந்தக் காரை எதுக்கு வாங்கினான்னு கேட்டியா? நான் காலை நீட்ட வாங்கினா!”

ராஸ்கோ பின்னிருக்கைத் தலையணைகளைப் பார்த்தார். காலணியைக் கையில் பிடித்தபடி பிக்கப்பை நோக்கி ஓடிவந்த மனைவி அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். போர்வை தோளிலிருந்து நழுவியது. அதைக்கூட எடுக்காமல் அவள் பக்கம் திரும்பினார்.

“ஒலீட்டா... நான்... நான் சொன்னதெல்லாம்...”

“இப்ப வேண்டாங்க” என்றாள் ஒலீட்டா. “இப்ப நீங்க மன்னிப்புக் கேட்டா, நானும் சரின்னு சொல்லிடுவேன். அவ்வளவு சுலபமா சொல்ல எனக்கு இஷ்டமில்லை. முதல்ல அக்காவோட காலைப் பிடிங்க. இடிக்காமப் பிடிங்க.”

பிடித்தார். காலைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணாடிச் சாமான் ஏற்றுவது போல ஏற்றினார். பாதத்துக்கும் கதவுக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. “நான் ஓட்டட்டுமா?” என்று மெல்லக் கேட்டார். “வேண்டாம்” என்றாள். முன்னிருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் தூங்கவில்லை.

வீட்டு வாசலில் டெஸ்மண்டும் யோலாண்டாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பின் ஜன்னலில் லூவீனியா அத்தையின் தொப்பியைக் கண்டதும் டெஸ்மண்ட் படியிறங்கி ஓடிவந்தான். ராஸ்கோ இறங்கிப் புல்தரையின் நடுவில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் நீர்க்குழாயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ராஸ்கோ அதைப் பொருட்படுத்தவில்லை.

“எல்லாரும் கேளுங்க! இத்தனை வருஷமா உங்க அம்மாவைப் பத்தி நான் சொன்னது பொய். அக்கா போனதுக்கு நான்தான் காரணம். என் வாய்தான் காரணம். அவ எனக்காகப் பழி சுமந்தா... நான் அந்தப் பழியை வச்சே அவளை அடிச்சேன்.”

யோலாண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். “அத்தை... நானும் அப்படியே நம்பிட்டேன்... என்னை மன்னிச்சிடுங்க!”

ஒலீட்டா அவள் தோளைத் தொட்டாள். ஆனால் அவள் கண் காருக்குள் இருந்தது. ராஸ்கோ பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். டெஸ்மண்ட் குனிந்து கையை நீட்டினான்.

“நீங்க தள்ளுங்க” என்றாள் லூவீனியா. “அவ வரட்டும்.”

ஒலீட்டா உள்ளே ஏறி, நீட்டிய காலுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். யாரும் எதிர்பார்க்காத ஒன்றை அப்போது கேட்டாள்.

“கொஞ்ச நாளைக்குன்னுதானே அண்ணி சொன்னீங்க? அவருக்கு வேலை கிடைச்சது. எல்லாம் சரியாச்சு. ஒரு தடவைகூட அவர்கிட்ட உண்மையைச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையா? நான் இங்க என்ன பாடுபட்டேன் தெரியுமா?”

லூவீனியாவின் அதிகாரமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தலை முழுக்க வெளுத்திருந்தது.

“தோணுச்சுடி. நீ போன் பண்ற ஒவ்வொரு தடவையும் தோணும். ஆனா, சொல்லிட்டேன்னு வை... அதோட கணக்கு தீர்ந்துடுமே. அப்புறம் உனக்கு எங்கிட்ட என்ன வேலை? போன் பண்றதை நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன். உன்னைத் தவிர எனக்குப் போன் பண்றதுக்கு யாருடி இருந்தாங்க?”

ஒலீட்டா அவளையே பார்த்தாள். அந்த மடங்காத காலின் மீது படாமல் குனிந்து, அண்ணியின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, இத்தனை காலமும் அடக்கி வைத்த சத்தமெல்லாம் வெளியே வர, ஓவென்று அழுதாள். லூவீனியா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, “அழுடி... அழு... யார் கேட்டா என்ன...” என்று தானும் அழுதாள்.

டெஸ்மண்ட் மனைவியின் கையைப் பிடித்துப் படியோரமாக விலகி நின்றான். ராஸ்கோ மட்டும், திறந்த கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்பனியனோடு, அந்த இரண்டு பெண்களும் அழுது முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்.